மதுரை பில்லா, ராஜபாளையம் ஷெட்டா? ஸ்போர்ட்ஸ் கார் சர்வீஸில் காசு கரையும் இடங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் 'உங்க ஊர்ல பெரிய கார் எது?' என்று கேட்டால், யோசிக்காமல் ஆண்டாள் தேரைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று அது. ஆடிப்பூரத்துக்குத்தான் வெளியே வரும். மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருகிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் ஓடும் வண்டிக்கே அச்சு, சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்த பிறகுதான் வடம் பிடிக்கிறார்கள்.

அதே ஊர் வழியாக, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வேறு வகை கார்களும் இப்போது பறக்கின்றன. ஃபெராரி, லம்போகினி எல்லாம் இல்லை. போலோ ஜி.டி டி.எஸ்.ஐ, ஐ20 என் லைன், விர்ட்டஸ் ஜி.டி, அபூர்வமாக ஓர் ஆக்டேவியா ஆர்.எஸ். டர்போ வைத்த, குதிரைத் திறன் கூடிய கார்கள். புதிதாக வாங்கினவர்களைவிட செகண்ட் ஹேண்டில் வாங்கினவர்கள்தான் அதிகம். பெங்களூரிலோ கொச்சியிலோ வேலை பார்க்கும் பையன் ஆசைப்பட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவருவான். முதல் சர்வீஸ் பில் வரும்போது, வாங்கின விலையைவிட அதுதான் அப்பாவைத் தூக்கிவாரிப்போடும்.

பெரிய பிராண்டுகளின் கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால், ராஜபாளையத்திலிருந்து பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். போக வர ஒருநாள் போய்விடும். உள்ளூரில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால், 'இந்த வண்டிக்கு எந்த ஆயில், எந்த பார்ட்?' என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அங்கே போனால் காசு போய்விடுமோ என்ற பயம். இங்கே விட்டால் எஞ்சின் போய்விடுமோ என்ற பயம். இரண்டுமே ஓரளவு நியாயமான பயங்கள்தான். இரண்டையும் போக்க ஒரே வழி, கார் உரிமையாளருக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருப்பது.

'நம்ம ஊர் வெயிலுக்கு திக்கான ஆயில்தான்!'

அம்பாஸடர் காலத்திலிருந்து வரும் வாக்கியம் இது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 சரிதான். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு அது சரிவராது.

5டபிள்யூ-30 என்று கேனில் போட்டிருப்பதில் முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில்தான் எஞ்சின் அதிகம் தேய்கிறது. டர்போவின் நடுத்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. மயிரிழை கனமுள்ள ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. ஆயில் போய்ச் சேரத் தாமதமானால், தேய்வது அந்தத் தண்டுதான். எனவே வெயிலை வைத்து நாமாக முடிவுசெய்யக் கூடாது. உங்கள் எஞ்சினுக்கு எது என்று கார் கையேட்டில் போட்டிருக்கும்.

கெட்டித்தன்மை எண் மட்டும் பொருந்தினால் போதாது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் தர அங்கீகாரங்கள் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் 502 00, 504 00, 508 00 போன்ற எண்கள். இதில் உங்கள் எஞ்சினுக்கு எது என்று கையேடு சொல்கிறதோ, அதே எண் கேனில் இருக்க வேண்டும். மற்ற பல கார்களுக்கு ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம். 2020-ல் வந்த இந்தத் தரத்துக்கு ஒரு காரணம் உண்டு. சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, பிளக் பொறி தருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் கோளாறு வருவதுண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது. அதைக் குறைக்கும் கலவைதான் எஸ்.பி. தர ஆயிலில் இருக்கிறது. 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பதைவிட, பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் நமக்கு முக்கியம்.

பில்லில் எத்தனை லிட்டர் என்பதையும் பாருங்கள். நாலு லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு ஐந்து லிட்டர் பில் போட்டிருந்தால், மிச்சம் ஒரு லிட்டர் உங்கள் டிக்கியில் இருக்க வேண்டும். சீல் உங்கள் கண்ணெதிரே உடைக்கப்படட்டும். காலி கேனைக் கையோடு வாங்கி, ஓட்டை போட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள். பழைய கேனில் புது லேபிள் ஒட்டி மட்டமான ஆயிலை அடைத்து விற்பவர்களுக்கு நம் வீட்டுக் கேன் போய்ச் சேரக் கூடாது.

செங்கோட்டை மலையில் பெடல் ஏன் உள்ளே போகிறது?

ஆயிலுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைக்கூட நாம் பிரேக் ஃப்ளூயிடுக்குக் கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரையில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இதுதான் என்பதால், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் தென்காசி, செங்கோட்டை, அப்புறம் ஆரியங்காவு, தென்மலை என்று மலைச்சாலை. இறங்கும்போது கால் பிரேக்கிலேயே இருக்கும். டிஸ்க்கும் பேடும் உரசும் சூடு, காலிப்பரில் இருக்கும் ஃப்ளூயிடுக்கு ஏறும். பிரேக் ஃப்ளூயிடு காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. புதிதாக இருக்கும்போது டாட் 3 ஃப்ளூயிடு குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பின் அதுவே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1 என்றால் 260, பின்னர் 180.

கொதித்தால் என்ன ஆகும்? திரவம் ஆவியாகிக் குமிழிகள் வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பெடலை மிதித்தால் குமிழிதான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. கால் தரைவரை போகும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் திரும்ப வந்துவிடும். அதனால்தான் 'ஒண்ணுமில்ல, சூடாயிடுச்சு' என்று சொல்லி அடுத்த பயணத்துக்கும் அதே ஃப்ளூயிடோடு கிளம்புகிறோம்.

பெரும்பாலான கம்பெனிகள் சொல்வது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித்தான். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ஈரம் ஏறும் என்பதால், இதற்குக் கிலோமீட்டர் கணக்கைவிட வருடக் கணக்குதான் முக்கியம். ஊரில் அப்பா அம்மா பொறுப்பில் மாதக்கணக்கில் நிற்கும் பையனின் காருக்கு இது மிகவும் பொருந்தும். டாட் 4 கேட்கும் காருக்கு டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, பெயர் 5.1 போல இருந்தாலும் அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேராது. சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்துவைத்த பாட்டிலின் மிச்சத்தை அடுத்த வருடம் ஊற்றாதீர்கள்.

மொத்த செலவில் இது சிறு தொகைதான். ஆனால், எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் அடிபடுவது இந்த வரியாகத்தான் இருக்கிறது!

ஒரே பேடு, இரண்டு டப்பா

பார்ட்ஸ் விஷயத்தில் 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?' என்று இரண்டே வகையாகக் கேட்பது நம் வழக்கம். உண்மையில் நடுவில் இன்னொன்று இருக்கிறது. கார் கம்பெனிகள் எல்லா பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பிரேக், ஃபில்டர், பிளக், ஸ்டீயரிங் பாகங்கள் எல்லாம் வேறு தொழிற்சாலைகளிலிருந்து வருபவை. அதில் கணிசமானவை நம் மாநிலத்திலேயே தயாராகின்றன. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் இருக்கிறது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கிய நிறுவனம். ராணே, டர்போ எனர்ஜி, கோவையின் பிரிக்கால் என்று பட்டியல் நீளும்.

கார் கம்பெனியின் லோகோ போட்ட டப்பாவில் ஒரு விலை. பாகத்தைச் செய்த கம்பெனியின் சொந்தப் பெயர் போட்ட டப்பாவில் இன்னொரு விலை. பல பாகங்களுக்கு இப்படி இரண்டு டப்பாக்கள் உண்டு. ஃபில்டர், பிரேக் பேடு, ஸ்பார்க் பிளக், பேட்டரி, வைப்பர் போன்றவற்றில் இரண்டாவது டப்பாவை வாங்குவதில் தயக்கமே வேண்டாம் என்பது என் கருத்து. பாஷ், மான், மாலே போன்ற பெயர்களின் கடைகள் மதுரையிலும் உண்டு, போனில் சொன்னால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். டர்போ, டைமிங் செயின், கியர்பாக்ஸின் எலெக்ட்ரானிக் பகுதி, ஏர்பேக் என்றால் கம்பெனி டப்பாவே நல்லது. மூன்றாவது வகை, யார் செய்தது என்றே போடாத டப்பா. அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பாகம் கேட்கும்போது மாடல் பெயரைச் சொல்லாமல் 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே போலோவில் வருடத்துக்கு வருடம் பிரேக் அளவே மாறியிருக்கலாம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் 245 என்ற கார் 2020-ல் இந்தியாவுக்கு வந்ததே 200 எண்ணிக்கைதான். அதன் பேடை 'ஆக்டேவியா பேடு' என்று கேட்டு வாங்கினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை வைத்து பார்ட் நம்பர் எடுத்துவிட்டால், பிறகு எந்த ஊர்க் கடையிலும் விலை விசாரிக்கலாம்.

பிரேக் டிஸ்க் மாற்றச் சொன்னால் ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இப்ப எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" குறைந்தபட்சம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டினால் சண்டையே இல்லை. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். வெர்னியரை எடுத்துக்கொண்டு வருவார். டிஸ்க்கும் பேடும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இடம் வலம் ஜோடியாகத்தான்.

டயருக்கும் ஒரு வார்த்தை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 'புது டயர்' என்று சொல்லி மூன்று வருடம் குடோனில் கிடந்ததைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். அளவோடு சேர்ந்து வரும் எழுத்து வேகத் தாங்குதிறன்: ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லைதான், போகவும் கூடாது. ஆனால், அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சொல்கிறது. சித்திரை வெயிலில், முழுக் குடும்பத்தோடு, டிக்கி நிறைய சாமானோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது முக்கியம். கம்பெனி சொன்ன எழுத்திலிருந்து கீழே இறங்காதீர்கள்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்குவதையும் விட்டுவிடலாம். சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்குச் சேர்ப்பவை. கையேட்டில் சொன்ன தர எண்தான் கணக்கு. கெட்டிக் கூலன்ட் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் கலந்துதான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் அதிலிருக்கும் உப்பு ரேடியேட்டருக்குள் படியும்.

எஸ்டிமேட்டில் ஒளிந்திருக்கும் வரிகள்

இனி பில்லுக்கு வருவோம்.

முதல் விஷயம், எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. ஒரு ஃபில்டரின் எம்.ஆர்.பி. 1,180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 ரூபாய் விலை, 180 ரூபாய் ஜி.எஸ்.டி. பில்லில் 1,180 போட்டு, அதன் மேல் 18% சேர்த்து 1,392 ரூபாய் 40 காசு வாங்கினால், வரிக்கு மேல் வரி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேக் செய்த பொருளுக்கு எம்.ஆர்.பி-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். டப்பாவைக் கேட்டு வாங்கி, பில்லோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18% ஜி.எஸ்.டி என்றாகிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28%. 1,000 ரூபாய் பாகம் 1,280 ரூபாயாக இருந்தது, 1,180-க்கு வர வேண்டும். டப்பாவில் பழைய விலை அச்சடித்திருந்தால், "இது பழைய வரி விலையா, புது விலையா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, லேபர். இதற்கு எம்.ஆர்.பி கிடையாது. எத்தனை மணி நேர வேலை, மணிக்கு எவ்வளவு என்று கேட்பதுதான் ஒரே வழி. ஒரே பாகத்தைக் கழற்றும்போது செய்யும் இரண்டு வேலைகளுக்குத் தனித்தனியாக முழு லேபர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பேடு மாற்றச் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் மாற்ற இன்னொரு தடவை கழற்றுவதில்லையே!

மூன்றாவது, எஸ்டிமேட்டின் கடைசியில் வரிசையாக நிற்கும் 'கிளீனிங்'குகள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏ.சி. டிஸ்இன்ஃபெக்ட், அண்டர்பாடி கோட்டிங். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால், இந்த டர்போ எஞ்சின்களில் பெரும்பாலானவை பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. பெட்ரோல், இன்டேக் வால்வின் பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை. எனவே டேங்க்கில் ஊற்றும் பாட்டில், அந்த வால்வில் படிந்த கரியைக் கழுவ வழியே இல்லை. இன்ஜெக்டர் முனைக்கு வேண்டுமானால் பயன்படலாம். 'வால்வு சுத்தமாயிடும் சார்' என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே அந்த வரியை அடிக்கச் சொல்லலாம்.

கியர்பாக்ஸ் ஆயிலிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. டி.எஸ்.ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில், கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் ஆறு கியர் வகைக்கு 60,000 கி.மீ-க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். போலோ ஜி.டி டி.எஸ்.ஐ-யில் இருந்த ஏழு கியர் உலர் கிளட்ச் வகைக்கு அப்படிக் கட்டாயக் கெடு கிடையாது. 'டி.எஸ்.ஜி ஆயில்' என்று பொதுவாக எழுதியிருந்தால், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று கேளுங்கள். ஒருவருக்குத் தேவையில்லாத செலவு, இன்னொருவருக்குத் தள்ளிப்போடக் கூடாத செலவு.

எல்லாம் முடிந்ததும், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஷெட்டில் வண்டியை விடும்போதே, "பழசையெல்லாம் எடுத்து வச்சிருங்கண்ணே, நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், கடைசியில் தேட வேண்டியதில்லை.

வெளியே விட்டால் வாரன்டி போகுமா?

குடும்பத்தில் அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி இது. இதற்கு இந்தியாவில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்ற புகார் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி, மாருதி முதல் பி.எம்.டபிள்யூ வரை 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் போராடின. ஆனால், அந்த உத்தரவில் சொன்ன இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். பாகங்களின் விலையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றது ஒன்று. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட பழுதுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது மற்றொன்று.

இருந்தாலும் நடைமுறை வேறு. டர்போவோ கியர்பாக்ஸோ போனால் பில் லட்சத்தில் நிற்கும். வாரன்டி இருக்கும்வரை முக்கிய சர்வீஸ்களை மதுரையில் முடித்துவிட்டு, பேடு, பேட்டரி, டயர், வைப்பர் போன்றவற்றை ஊரில் பார்த்துக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி. வாரன்டி முடிந்த காருக்கு உள்ளூர் ஷெட்டே போதும். சரியான ஆயிலையும் பாகத்தையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, லேபரை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆயில் போட்டது என்று பில்லை போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் வைத்தால், காரை விற்கும்போதும் விலை கூடும்.

பில்லில் அநியாயம் என்று உறுதியானால், முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். மெயில் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, மதுரையில் சர்வீஸ் விட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் தூரம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்னை நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். எஸ்டிமேட், பில், காலி டப்பாவின் எம்.ஆர்.பி தெரியும் போட்டோ, மேனேஜருக்கு அனுப்பிய மெயில் ஆகிய நான்கையும் இணைத்து, இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தேகூட தாக்கல் செய்யலாம்.